சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள்

தூங்கிவிட்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இமை இன்னும் லேசாகத் துடிக்கிறது, ஆனால் கை தளர்ந்துவிட்டது, என் தொண்டைக்குழியின் மேல் வைத்திருந்த கை நழுவி நெஞ்சில் கிடக்கிறது, விரல்கள் விரிந்து, சேலை மடிப்புக்குள் ஒரு விரல் மாட்டிக்கொண்டு. அந்த விரலை எடுத்துவிட வேண்டும் போல இருக்கிறது. எடுக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது, அசையக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், வலது கால் மரத்துக்கொண்டு வருகிறது, மரக்கட்டும், கால்தானே. என் நெஞ்சில் சாய்ந்து கிடக்கிறாள் நாலு வயசு மகள், அவள் தலையெல்லாம் கம்பி. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா, ஒவ்வொன்றின் நுனியிலும் பொட்டு மாதிரி ஒரு தகடு, அதை வெள்ளைப் பசை வைத்து ஒட்டி, மேலே துணிவலை ஒன்றை மாட்டி, கம்பிகளை எல்லாம் பின்னலாக முறுக்கிப் பின்னால் ஒரு பெட்டியில் சொருகியிருக்கிறாள். சீப்பைக்கூடத் தலையில் வைக்க விடாத பிள்ளை. சீப்பைப் பார்த்தாலே சுவரோரம் போய் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொள்கிற பிள்ளை. தூக்க மருந்து கொடுத்து, நான் அந்தச் சத்தம் போட்டு, அவள் கண் செருகிய பிறகுதான் ஒட்ட முடிந்தது. இனி அரைமணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கத்தில்தான் தெரியுமாம். நடுவில் விழித்துவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான், மறுபடியும் மருந்து கொடுக்க மாட்டார்கள், இன்னொரு நாள் வந்து மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போட்டால் எழுந்துவிடுவாளா என்று கேட்டேன். "எழுந்துருவாங்க அக்கா, அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க" என்றாள். எழுந்துவிடுவாள்தான். எழாமல் போனால் யாரைப் போய்க் கேட்பது.

பிரின்ஸி என்று அந்தப் பெண்ணின் சட்டையில் எழுதியிருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கமாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கமே மேசை போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், திரையில் கோடு கோடாக ஓடுகிறது. சற்று முன்னால்தான் திரும்பி, கெட்ட வார்த்தை சொல்ல வேண்டிவந்தவள் மாதிரி தயங்கிச் சொன்னாள்: "அக்கா, இனிமே அந்தச் சத்தம் வேண்டாம். நீங்க தொண்டையில போடறது பாப்பா தலைக்கு அதிருது, கோட்டுல ஏறிருது. அவ மூளைல இருந்து வர்றது எது, நீங்க போடறது எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது." சரி என்று தலையை ஆட்டினேன், ஆட்டியதும் "ஆட்டாதீங்க" என்றாள். அதனால் இப்போது எதுவும் இல்லாமல் இருக்கிறேன். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, தட்டிக்கொடுப்பது இல்லை. தாய் என்று ஒருத்தி செய்யக்கூடியது ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் மடியில் வைத்த மாதிரி. அறையில் ஏசி மட்டும் உம்மென்று ஓடுகிறது. அது ஓடட்டும். அது நிற்காமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். இதை இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது. அவர்கள் பிள்ளைகள் சத்தம் வந்தால் விழிக்கும். சோமனூர்ப் பக்கம் எங்கள் வீதியில் வீடும் விசைத்தறியும் ஒரே சுவர், இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் எட்டுத் தறி, பகலும் ராத்திரியும் டக்கடக்க டக்கடக்க என்று சுவரே நடுங்கும், அலமாரியில் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வரும், நாங்கள் அதைத் திரும்ப உள்ளே தள்ளி வைப்போம். அவள் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த அன்றே அந்தச் சத்தத்தில் தூங்கினாள். கரண்ட் போனால்தான் அழுவாள். தறிகள் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கி நிற்கும், ஒரு நிமிஷம் வீதியே காது அடைத்த மாதிரி ஆகும், உடனே தூளியில் இருந்து வீறிட்ட அழுகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை வைத்தே கரண்ட் போனதைச் சொல்வார்கள், "சென்னியப்பன் மகள் கத்தறா, போயிருச்சு கரண்ட்டு" என்று. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தறிக்காரன் வீட்டுப் பிள்ளை தறி கேட்டுத் தூங்குகிறது, இதில் என்ன இருக்கிறது.

ஆனால் இந்த அறை பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. முதலில் மருந்தை மாம்பழ ஜூஸில் கலந்து கொடுத்தும் அவள் தூங்கவில்லை, கண் சொருகுகிறது, திடுக்கென்று விழிக்கிறாள், விழித்துச் சுவரைப் பார்க்கிறாள், சுவர் ஏன் நடுங்கவில்லை என்று பார்க்கிறாள். காலையில் பஸ்ஸில் தூங்கிவிடக் கூடாது என்று நானும் என் வீட்டுக்காரரும் பட்ட பாடு. வீட்டில் சீக்கிரமே எழுப்பிவிடச் சொன்னார்கள், வழியில் கண் அசர விடக் கூடாது என்றார்கள். பஸ் எஞ்சினின் உறுமல் கேட்டதுமே அவள் தலை சாய ஆரம்பித்தது. ஈரத் துண்டால் துடைத்தேன். காலைக் கிள்ளினார் அவர். பின்சீட்டுக்காரி "ஏனுங்க, குழந்தையை இப்படி இம்சை பண்றீங்க, தூங்கினா என்ன கெட்டுப்போச்சு" என்று சண்டைக்கு வந்தாள். அப்போது தூங்காதே தூங்காதே என்று கிள்ளிவிட்டு, இங்கே வந்து தூங்கு தூங்கு என்று கெஞ்சல். பிரின்ஸிதான் கேட்டாள், "வீட்டுல எப்படித் தூங்குவா?" தறிச் சத்தம் என்றேன். "ஃபோன்ல இருக்கா?" ஃபோன் அவரிடம் இருக்கிறது, அது வெறும் பேசுகிற ஃபோன், தவிர இந்த அறைக்குள் ஃபோனே விடுவதில்லை. அப்புறம் எனக்கு வெட்கம் போய்விட்டது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயால் போட்டேன், டக்கடக்க டக்கடக்க, நூல் கோத்த நாடா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய் அடிக்கிற சத்தம், பலகை வந்து மோதுகிற சத்தம், அடியில் மோட்டாரின் ம்ம்ம்ம். எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை, பதின்மூன்று வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார்ந்தவள் நான், முப்பது வருஷத்துக்கு மேல் காதில் விழுந்தது எல்லாம் தொண்டையில் இருந்திருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தாள். கையைத் தூக்கி இங்கே வைத்தாள், இதே குழியில். கண் மூடியது. பிரின்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு பசை டப்பாவை எடுத்தாள். "அக்கா, நீங்க மிமிக்ரிக்குப் போகலாம்." வெளியே இருந்து அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நான்தான் அந்தச் சத்தம் என்று தெரிந்ததும் மெல்ல மூடிக்கொண்டார். அவருடைய செருப்பு வராந்தாவில் நடக்கிற சத்தம் இப்போதும் கேட்கிறது. போகிறார், திரும்புகிறார். உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

அசைந்தாளா. இல்லை. மூச்சுதான். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது, இந்தப் பல் முளைத்தபோது கடித்துக் கடித்து என் தோளெல்லாம் தழும்பு. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்றுதான் இவளைப் பார்க்கிற டாக்டரம்மா முதல் நாள் கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா. நான் என்ன சொல்வேன். எங்கள் வீதியில் யார் கூப்பிட்டு யார் திரும்பியிருக்கிறார்கள். தறிக்குள் நிற்கிறவனைக் கூப்பிட வேண்டுமென்றால் போய்த் தோளைத் தொட வேண்டும், இல்லை விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும், சாப்பிட வா என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், டீ என்றால் கட்டை விரல். முகத்தைப் பார்க்காமல் பேசினால் பேச்சே இல்லை. பாதிப் பேருக்கு நாற்பது வயசில் காது மந்தம். இவருக்கே இடது காது கேட்காது. அப்படி இருக்கையில் ஒரு பிள்ளை கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்பதை எந்தத் தாய் கண்டுபிடிப்பாள். அதுவும் அந்தப் பேர். தன்விகா. வீதிமுனையில் காலேஜ் படிக்கிற பெண் ஃபோனில் பார்த்து வைத்த பேர். எனக்கு நாக்கில் ஒட்டவில்லை, அவர் இன்று வரைக்கும் தன்மிகா என்றுதான் சொல்கிறார், அவருடைய அக்கா, என் நங்கையா, "தண்ணி, தண்ணி" என்று கூப்பிடுவார். மூன்று பேர் மூன்று விதமாகக் கூப்பிட்டால் எதற்கென்று திரும்பும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நல்லவர். சிரித்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை மெல்லக் கசக்கினார், மிட்டாய்க் காகிதம், சத்தமே இல்லை, எனக்கே கேட்கவில்லை. சட்டென்று திரும்பினாள். காது இருக்கிறது, நன்றாக இருக்கிறது, பேச்சு வராததற்குக் காரணம் காதுக்குப் பிறகு வேறு எங்கேயோ என்றார். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் போய்விட்டிருந்தது. தறிச் சத்தம் இல்லாத ஒரு ஊரில் பெற்றிருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்குமா. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம். ஏதாவது செய்திருப்போம். சீக்கிரம் வந்தால் நல்லது என்று டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறது, உட்காரும்போதெல்லாம் அதற்கு நேராகத்தான் இடம் கிடைக்கிறது. நங்கையாவுக்கு இதெல்லாம் வேண்டாம், அவருக்கு ஒரே பதில், "நாப்பத்தி ரெண்டு வயசுல பெத்தா வேற எப்படி இருக்கும் நாகமணி, கடைசி மாவுல சுட்ட இட்லி மாதிரிதான்." டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன். என் வயசாலா என்று. தறிச் சத்தத்தாலா என்று. வயிற்றில் இருக்கும்போது ஒரு தடவை வழுக்கி விழுந்தேன், அதனாலா என்று. எதையும் ஒற்றைக் காரணம் என்று சொல்ல முடியாது, நீங்கள் செய்ததால் என்று நினைக்காதீர்கள் என்றார். நினைக்காதே என்று சொன்னால் நினைக்காமல் இருக்கிற மனசு எங்கே விற்கிறது.

அந்தத் திரையில் ஓடுகிறதே, அதுதான் அவள். உள்ளே நடப்பது. எனக்கு இங்கிருந்து பாதிதான் தெரிகிறது. கோடுகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக, தறியில் பாவு நூல் விரித்த மாதிரி, ஆனால் நடுங்குகிற பாவு. சில நேரம் எல்லாக் கோடும் ஒன்றாக மேலே எழும்பி அடங்குகிறது, அப்போது பிரின்ஸி எதையோ தட்டுகிறாள், எனக்கு உயிர் போய் வருகிறது. டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொல்லத்தான் பார்த்தார். மூளை ஒரே ஆள் இல்லையாம், ஊர் ஊராக இருக்கிறதாம், பார்க்கிறதற்கு ஒரு ஊர், கேட்கிறதற்கு ஒரு ஊர், பேசுகிறதற்கு ஒன்று, அம்மா முகம் என்று தெரிந்துகொள்வதற்கு ஒன்று. ஊருக்கு ஊர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்குமாம், தூங்கும்போதும். இந்த மாதிரி சின்னப் பிள்ளைகளில் சிலருக்குப் பக்கத்து ஊர்கள் கூடுதலாகப் பேசிக்கொள்ளும், தூரத்து ஊர்கள் குறைவாகப் பேசிக்கொள்ளும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, நாங்களே இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். பெரிய டாக்டர் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றால் ஏழாம் வகுப்பில் நின்றவள் என்ன செய்ய. அப்படியென்றால் அம்மா முகம் என்கிற ஊருக்குப் பஸ் இல்லையா என்று கேட்டேன். "பஸ் இருக்கும்மா. வேற வழியா போகுது. மெதுவா போகுது. சில பஸ் நாம எதிர்பார்க்காத இடத்துல நிக்குது." அதை நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். இழை அறுந்தால் தறியை நிறுத்தலாம், அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டு ஓட்டலாம். இதை எங்கே நிறுத்துவது, எங்கே கை விடுவது. அது மண்டைக்குள் இருக்கிறது. நான் மண்டைக்கு வெளியே இருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு வந்தது அதற்கு இல்லை. ஊர்கள் பேசுவதைப் பார்த்து மருந்து ஒன்றும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு வந்தது அவள் வெறித்துப் பார்க்கிறாளே அதற்கு. விளையாடிக்கொண்டே இருப்பாள், பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு, நடுவில் அப்படியே நின்றுவிடுவாள், கண் திறந்தபடி, கையில் மூடியோடு. முன்னால் கையை ஆட்டினாலும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள், விட்ட இடத்தில் இருந்து அடுக்குவாள். அது வலிப்பாக இருக்கலாம், சத்தமில்லாத வலிப்பு, இந்தப் பிள்ளைகளுக்குச் சில பேருக்கு வரும், தூக்கத்தில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். அவர் அதைச் சொன்னபோது முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு உள்ளே விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூடச் சொல்லவில்லை. வலிப்பு எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் மாரப்பனுக்கு வலிப்பு. தறிக்கு முன்னால் விழுந்து நுரை தள்ளிக் கிடந்தவன், கொத்துச்சாவியை அவன் கையில் திணிக்க நாங்கள் ஓடிய நாட்கள் உண்டு. மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இன்றைக்கு அவன் கல்யாணம் பண்ணி, சொந்தமாக நாலு தறி ஓட்டுகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், யாராவது நிறுத்தினால் போதும் என்கிற அளவுக்குப் பேசுகிறான். வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது. இவளுக்கு இருக்கிற அந்த இன்னொன்றுக்கு இல்லை. அதனால் இப்போது இந்த நிமிஷம் என் பிள்ளை மடியில் தூங்கும்போது நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், அங்காளம்மா, வலிப்பாகவே இருக்கட்டும். அந்தக் கோட்டில் ஏதாவது தெரியட்டும். எல்லாமே அதனால்தான் என்று ஆகட்டும், பேசாதது, பார்க்காதது, அம்மா என்று சொல்லாதது எல்லாமே, ஒரு மாத்திரையில் போய்விடட்டும். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது. மாரப்பன் விழுந்து கிடந்தபோது அவன் கண் மேலே சொருகி வெள்ளையாகத் தெரிந்தது, அது இவள் முகத்தில் வந்தால். வேண்டாம். வேண்டாம் சாமி, அது வேண்டாம், சும்மா சொன்னேன். அப்படியானால் எது வேண்டும். கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது, கொடுக்காவிட்டால் என்ன செய்வது. எதைக் கேட்பது என்றே தெரியாமல் கையேந்தி நிற்கிறவளுக்கு அங்காளம்மாதான் என்ன செய்வாள்.

ஏசி நின்றது. கரண்ட். உம்மென்ற சத்தம் இறங்கி இறங்கிப் போய் நின்றுவிட்டது, டியூப்லைட் போய்விட்டது, திரை மட்டும் பேட்டரியில் எரிகிறது. வராந்தாவில் செருப்புச் சத்தமும் நின்றுவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. அவள் இமை துடிக்கிறது. கை சுருங்குகிறது, சேலை மடிப்பில் மாட்டிய விரல் இழுக்கிறது. "ஜெனரேட்டர் போட்டுருவாங்க" என்று பிரின்ஸி வாயசைப்பில் சொல்கிறாள், ஒரு விரலை உதட்டில் வைத்தபடி. தொண்டையில் வந்து நிற்கிறது, டக்கடக்க என்று வந்து முட்டுகிறது, விட்டால் அவள் தூங்குவாள், விட்டால் கோடு கெடும். விடாவிட்டால் விழிப்பாள். பல்லைக் கடிக்கிறேன். புருவத்தைச் சுருக்குகிறாள். கரண்ட் போன வீதியில் வீறிடுவதற்கு முன்னால் சுருக்குகிற அதே சுருக்கு. என்னால் ஆட்ட முடியாது, தட்ட முடியாது, பாட முடியாது, மூச்சுவிடத்தான் முடியும், அதையும் மெதுவாக. நெஞ்சு அடிக்கிறது. திடும் திடும் திடும் என்று, மாரடைப்பு வரப்போகிறவள் மாதிரி, காதுக்குள் எல்லாம் கேட்கிறது, அவள் காது நேராக அதன் மேல்தான் இருக்கிறது, இந்தச் சனியன் பிடித்த நெஞ்சே அவளை எழுப்பிவிடும், மெதுவாக அடி, மெதுவாக. அது கேட்கவில்லை. இன்னும் வேகமாக அடிக்கிறது. அவள் தலையை இன்னும் அழுத்திக்கொள்கிறாள். ஒரு கம்பி என் தோளில் உரசுகிறது. சுருக்கம் பிரிகிறது. வாய் திறக்கிறது, மூச்சு நீளமாகிறது. தூங்குகிறாள். கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தறி ஓடுகிறது. உள்ளே ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பயப்படப் பயப்பட நன்றாக ஓடுகிறது. நான் பயந்தால்தான் நீ தூங்குவாய் என்றால், கண்ணு, அதில் உனக்கு ஒரு குறையும் வராது. எங்கேயோ கீழே ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, ஏசி வந்தது, செருப்பு மறுபடி நடக்க ஆரம்பித்தது. எனக்குத்தான் அடங்கவில்லை. நாற்பத்தாறு வயசு எனக்கு. இவள் இருபது ஆகும்போது, முப்பது ஆகும்போது. கணக்குப் போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அது தானாகப் போட்டுக்கொள்கிறது. ஒரு நாள் இந்த நெஞ்சும் நிற்கும். எல்லாத் தறியும் நிற்கிறது. அப்போது விழித்துக்கொள்வாளே, அப்போது யார் இருப்பார்கள், அவள் வீறிடுவதைக் கேட்டு, அது கரண்ட் இல்லை, நாகமணிதான் என்று யார் சொல்வார்கள்.

"முடிஞ்சிருச்சு அக்கா" என்றாள் பிரின்ஸி. சத்தமாகவே சொன்னாள், இனி பரவாயில்லையாம். பிள்ளை தலையில் இருந்து ஒவ்வொரு தகடாக எடுக்கும்போது பசை முடியோடு வந்தது. என்ன தெரிந்தது என்று கேட்டேன். நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும், ரிப்போர்ட் வரட்டும் என்றாள். "சும்மா, உனக்குத் தோணினதைச் சொல்லு கண்ணு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் பாத்த வரைக்கும் வலிப்பு மாதிரி ஒண்ணும் இல்ல அக்கா. நல்லா தூங்கியிருக்கா. டாக்டர் பாத்துதான் முடிவு சொல்லுவாங்க." பிறகு, "ஐயோ, ஏன் அழறீங்க? நல்ல சேதிதானே சொன்னேன்" என்றாள். ஆமாம் என்றேன். நல்ல சேதி. அவர் உள்ளே வந்தார், என் முகத்தைப் பார்த்துப் பயந்து, நல்ல காதைத் திருப்பி, "என்னவாம் புள்ள?" என்றார். "ஒண்ணும் இல்லையாமுங்க." "ஒண்ணும் இல்லையா!" அவர் முகம் எப்படி ஆகிவிட்டது, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. "அப்ப இனி சரியாயிரும், இல்ல? பேசிருவா, இல்ல?" பிரின்ஸி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவருக்குக் கட்டை விரலைக் காட்டினேன், வெளியே போய் டீ சாப்பிடலாம் என்று. அவர் கேட்டதற்கு எங்களிடம் சைகை இல்லை.

வாசலுக்கு வருவதற்குள் தோளில் விழித்துக்கொண்டாள். அழவில்லை. மருந்து மயக்கத்தில் கண் எங்கேயோ இருக்க, கையை மட்டும் தூக்கித் தேடி என் தொண்டையில் வைத்தாள். போட்டேன். ம்ம்ம்ம் என்று முதலில், பிறகு டக்கடக்க. டீக்கடையில் கீழே இறக்கிவிட்டு டீக் காசு கொடுக்கத் திரும்பினால், போய்க் கடைக்காரன் ஃப்ரிட்ஜ் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அதே கை, அதே மாதிரி, அது உம்மென்று ஓடுகிறது. அதன் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. நான் போய் நின்றேன். சற்று நேரம் ஃப்ரிட்ஜில் ஒரு கை, என் தொண்டையில் ஒரு கை. எது நன்றாக ஓடுகிறது என்று பார்க்கிறாளா, எனக்குத் தெரியாது, அந்தப் பஸ் எந்த ஊரில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டம், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு பொம்பளை வாயால் தறி ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று. அவர் பக்கத்தில் வந்து, "போதும் விடு புள்ள, சனமெல்லாம் பாக்குது" என்றார்.

"நிறுத்துனா முழிச்சுக்குவாளுங்க" என்றேன்.

அவள் விழித்துத்தான் இருந்தாள்.